பத்து விநாடிப் படம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அசையாத துகளுக்குச் ‘செத்தது’ என்று பெயர். யார் வைத்த பெயர் என்று தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே புழக்கத்தில் இருந்தது. படம் எடுத்து முடித்ததும் எங்கள் பிரிவின் தலைவர், நாங்கள் மேடம் என்று அழைப்பவர், கேட்கும் முதல் கேள்வி, “செத்ததை எல்லாம் எடுத்துட்டியா?” என்பதுதான். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் சிரிப்பார்கள். இரண்டாம் வாரம் அவர்களும் அப்படியே கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

இதற்கு நியாயமான காரணம் உண்டு. நாங்கள் பார்க்கும் துகள்கள் மிகச் சிறியவை. ஒரு தலைமுடியின் தடிமனில் ஐந்நூறு துகள்களை வரிசையாக நிறுத்தலாம். ஒளிரும் சாயம் ஏற்றப்பட்டவை. ஒரு சொட்டு நீரில் கலந்து கண்ணாடித் தகடுகளுக்கு இடையில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், இருட்டில் பச்சைப் புள்ளிகளாகத் துடித்துக்கொண்டு அலையும். சில மட்டும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அவற்றைக் கணக்கில் சேர்த்தால் சராசரி கெட்டுவிடும். அதனால் முதலில் அவற்றை நீக்கிவிடுவோம். கணினி நிரலில் ஒரு வரி போதும். ஓர் எல்லைக்குக் குறைவாக நகர்ந்தவை எல்லாம் காணாமல் போகும்.

நீரில் அது சரி. என் ஆய்வு நீரில் இல்லை. சளியில்.

அத்தானின் சளி என்றும் சொல்லலாம். அக்காவின் கணவர் ரயில் நிலையத்தில் நடைமேடை ஊழியர். கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது அவர் வேலை. சிறு வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவர் நுரையீரலின் குழாய்களைத் தொளதொளவென்று ஆக்கிவிட்டுப் போயிருந்தது. அதில் கெட்டியாகச் சளி தங்கும். காலையிலும் மாலையிலும் நெபுலைசரில் மருந்து ஏற்றி, அது இளகிய பிறகு இருமி வெளியேற்றினால்தான் அன்றைய பொழுது ஓடும். என் ஆய்வுக்குச் சளி தேவை என்று தெரிந்ததும் அவராகவே முன்வந்தார். வியாழக்கிழமைதோறும் காலையில் ஐஸ் பெட்டியுடன் போவேன். மூடியிட்ட குப்பி தயாராக இருக்கும்.

“வாங்க, ஊசி போடத் தெரியாத டாக்டர். சரக்கு ரெடி,” என்பார்.

“காலங்காத்தால சரக்கு கிரக்குன்னு பேசாதீங்க. பக்கத்து வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க?” என்று உள்ளிருந்து அக்கா குரல் கொடுப்பாள்.

நான் தேடியது இதைத்தான்: மருந்தைச் சுமந்துகொண்டு சளியைக் கடந்து நுரையீரலின் சுவர் வரைக்கும் போகக்கூடிய துகள். மருந்து பழையதுதான். துகளின் மேல் பூசும் வழுக்கலான ஒரு பூச்சு மட்டும் புதிது. பூச்சில்லாத துகள் சளியின் இழைகளில் மாட்டிக்கொள்ளும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பூசிய துகள் மாட்டாது என்பது என் எதிர்பார்ப்பு. பத்துப் பத்து விநாடியாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தேன். முடிவு அழகாக வந்தது. பூசிய துகள் கிட்டத்தட்டத் தண்ணீரில் போவதுபோலப் போனது. கட்டுரை வெளியானது. அதை மதிப்பிட்ட இருவர் பூச்சின் தடிமனைப் பற்றி ஒன்பது கேள்விகள் கேட்டார்கள். செத்தவற்றைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு மருத்துவமனை அதை வைத்து நோயாளிகளிடம் சோதனை செய்ய முன்வந்தது. பன்னிரண்டு பேர். சோதனை தொடங்குவதற்கு முன் ஆறு வாரம் அவர்கள் வழக்கமான நெபுலைசர் மருந்தை நிறுத்தியிருக்க வேண்டும். அப்போதுதான் புதியதன் பலன் தனியாகத் தெரியும். பன்னிரண்டு பேரில் அத்தானும் ஒருவர். அவர் பெயரைக் கொடுத்தவள் நான்.

மருந்தை நிறுத்திய பதினெட்டாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் கட்டடத்தில் தீ ஒத்திகை நடந்தது.

நான் அப்போது நுண்ணோக்கி அறையில் இருந்தேன். அதை இயக்குபவர் ஐம்பது வயதுக்காரர். நாள் முழுவதும் இருட்டறையில் இருப்பதால் அவருக்கு ஆந்தை என்று பெயர். அவரே கதவில் ஓர் ஆந்தைப் படம் ஒட்டி வைத்திருந்தார். பூசிய துகள்கள் கலந்த சளியை வைத்துக் குவியம் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பதிவுப் பொத்தானை அழுத்திய நேரத்தில் மணி அடித்தது. பத்து விநாடி என்று எல்லை போட மறந்துவிட்டேன்.

“எழுந்திரும்மா. நிஜத் தீக்குக்கூட இவ்வளவு சத்தம் போட மாட்டானுங்க,” என்று ஆந்தை அண்ணன் விரட்டினார்.

வெளியே வாகன நிறுத்தத்தில் எல்லோரும் வெயிலில் நின்றோம். ஒருவர் கணக்கெடுத்தார். ஓர் ஆள் குறைந்தது. மறுபடி எண்ணினார். எண்ணுகிறவர் தன்னையே எண்ணவில்லை என்பது மூன்றாவது சுற்றில்தான் தெரிந்தது. திரும்பி வரும்போது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. படம் ஓடிக்கொண்டே இருந்தது.

அழித்துவிட்டிருக்கலாம். சும்மா வேகமாக ஓட்டிப் பார்த்தேன்.

நூற்று நாற்பது புள்ளிகள். முதல் பத்து விநாடியை மட்டும் எடுத்துக்கொண்டால் வழக்கம்போல எண்பத்து மூன்று செத்தவை. மீதி ஐம்பத்தேழு துள்ளிக்கொண்டிருந்தன. நான் இத்தனை நாள் கணக்கிட்டது இப்படிப்பட்ட ஐம்பத்தேழுகளைத்தான். பிறகு மூன்றாவது நிமிடத்தில் செத்த ஒன்று நகர்ந்தது. சட்டென்று ஒரு தாவல், அவ்வளவுதான். புது இடத்தில் மறுபடி நின்றது. ஏழாவது நிமிடத்தில் இன்னொன்று. துள்ளிக்கொண்டிருந்தவற்றில் பல ஒவ்வொன்றாக நிற்கத் தொடங்கின. சில ஒரு நிமிடம் நின்றன, சில இருபது நிமிடம். ஒரு துகள் முப்பத்தாறு நிமிடம் அசையாமல் இருந்துவிட்டு, யாரோ கூப்பிட்டதுபோலப் புறப்பட்டது.

“அட, செத்தது எழுந்து நடக்குது,” என்றார் என் தோளுக்குப் பின்னாலிருந்து ஆந்தை அண்ணன்.

எண்பத்து மூன்றில் அறுபத்தொன்று நகர்ந்திருந்தன. அவை எதுவும் கண்ணாடியில் ஒட்டியவை இல்லை. சளியின் இழைக் கூண்டுகளுக்குள் அடைபட்டு, எப்போதாவது ஒரு சந்து திறந்தால் அடுத்த கூண்டுக்குப் போகிறவை. நெரிசலான இடத்தில் துகள் இப்படித்தான் போகும். காத்திருக்கும், தாவும், மறுபடி காத்திருக்கும். எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதற்குச் சராசரி என்று ஒன்றைச் சொல்ல முடியாது. பார்க்கும் நேரம் கூடக்கூட, அதைவிட நீண்ட காத்திருப்பு ஒன்று கண்ணில் படும். அதனால் கூடுதல் நேரம் பார்க்கப் பார்க்கத் துகள்களின் வேகம் குறைந்துகொண்டே போவதாகத் தெரியும். இது பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். இதைப் பற்றி நானே இரண்டு முறை வகுப்பு எடுத்திருக்கிறேன். எடுத்துவிட்டுப் பத்து விநாடிப் படம் பிடித்திருக்கிறேன்.

அவமானம் அதில்கூட இல்லை. பூச்சில்லாத துகள்களின் பழைய கோப்புகளைத் திறந்து, அதில் எத்தனை செத்தவற்றை நீக்கியிருக்கிறேன் என்று பார்த்தேன். ஒன்றைக்கூட நீக்கவில்லை. அந்தப் பக்கம் அசையாமல் நின்றவை எல்லாம் ‘சளியில் மாட்டியவை’. இந்தப் பக்கம் அசையாமல் நின்றவை எல்லாம் ‘கண்ணாடியில் ஒட்டியவை’. ஒரே நிலைக்கு இரண்டு பெயர். எதை நம்பினேனோ அதற்கு ஏற்ற பெயர். வேண்டுமென்று செய்யவில்லை. குறிப்பேட்டில் என் கையெழுத்திலேயே, கொஞ்சமும் சந்தேகமில்லாமல் எழுதியிருந்தது: ‘பூச்சில்லாதவற்றில் நீக்கத் தேவையில்லை. அவை மாட்டுவது இயல்பு.’

இரண்டையும் ஒரே மாதிரி எண்ணிப் பார்த்தேன். பூச்சினால் ஏற்பட்ட வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை.

யாரிடமும் சொல்லாமல் இருந்த நாட்களில் முதல் மூன்று நியாயமானவை. சளி நாற்பது நிமிடத்தில் சூடாகியிருக்கலாம், உலர்ந்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டு, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தி மறுபடி எடுத்தேன். வியாழக்கிழமை புதுக் குப்பி வாங்கி வந்தும் எடுத்தேன். மூன்று முறையும் அதேதான். வெள்ளிக்கிழமை மாலையோடு எனக்குச் சந்தேகம் எதுவும் மிச்சமில்லை. அதற்குப் பிறகு ஓடிய நாட்களுக்கு நான் எந்தப் பெயரும் வைக்க முடியாது.

திங்கட்கிழமை ஆந்தை அண்ணன் தேநீர்க் கோப்பையோடு என் மேசைக்கு வந்தார்.

“மேடத்துக்கிட்ட சொல்லிட்டியாம்மா?”

“சரிபார்த்துக்கிட்டிருக்கேன் அண்ணா.”

“இன்னுமா?”

“கண்ணாடியை மாத்திப் பாக்கணும்.”

அவர் கோப்பையை ஒரு சுற்றுச் சுற்றினார். “மாத்திட்டோமே, புதன்கிழமை,” என்றார். நான் திரையைப் பார்த்தேன். அவரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். அதில் ஒன்றுமில்லை. பிறகு போய்விட்டார்.

ஒவ்வொரு நாளும் மேடத்தின் அறை வரைக்கும் போனேன். ஒரு நாள் கதவு திறந்தே இருந்தது. “என்ன?” என்று நிமிர்ந்தார். கோடைகாலப் பயிற்சிக்கு வருகிறவர்களின் பட்டியல் வேண்டும் என்று கேட்டேன். “உன்கிட்டதானே இருக்கு?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இருபத்தெட்டாம் நாள் அக்கா தொலைபேசியில் அழைத்தாள். மெதுவாகப் பேசினாள். குளியலறையிலிருந்து பேசியிருக்க வேண்டும், குரல் சுவரில் மோதி வந்தது.

“ஏய், ராத்திரி படுக்கவே மாட்டேங்கிறாருடி. நாற்காலியில உக்காந்தே தூங்குறாரு. ஆஸ்பத்திரி நர்ஸ் திங்கட்கிழமை போன் பண்ணி எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ‘ஜம்முனு இருக்கேன்’ங்கிறாரு. வச்சதும் அஞ்சு நிமிஷம் இருமுறாரு.”

“ஏன் அப்படிச் சொல்றாரு?”

“உண்மையைச் சொன்னா லிஸ்டுல இருந்து எடுத்துடுவாங்களாம். நம்ம வீட்டுப் பொண்ணு கண்டுபிடிச்சது, அதுல நானே பாதியில ஓடி வந்தா நல்லா இருக்குமாங்கிறாரு. இன்னும் ரெண்டு வாரம்தானே? தாங்கிடலாம்ல?”

இதற்குப் பதிலாக நான் சொல்லியிருக்கக்கூடிய வாக்கியங்களைப் பிறகு பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். எதுவும் ஐந்து சொல்லுக்கு மேல் போகாது.

“ஆமாக்கா. ரெண்டு வாரம்தான்,” என்றேன்.

“அப்பச் சரி,” என்றாள். நிம்மதியாக வைத்தாள்.

எனக்கு ஒரு கணக்கு இருந்தது. வெட்கத்தோடுதான் சொல்கிறேன். சோதனை நடக்கட்டும். பலன் இல்லை என்று அங்கேயே தெரியவரும். எத்தனையோ மருந்துகள் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்துவிட்டு மனித உடம்பில் தோற்றுப்போகின்றன. அதில் ஒன்றாக இதுவும் போகட்டும். அப்போது தவறு யாருடையதும் இல்லை. இந்தக் கணக்கில் அத்தானின் நாற்காலி எங்கேயும் வரவில்லை. அவரையும் நான் நீக்கியிருந்தேன்.

அடுத்த வியாழக்கிழமை, முப்பத்து நான்காம் நாள், ஐஸ் பெட்டியோடு போனேன். மூன்றாம் மாடி. அத்தான் எனக்கு முன்னால் படியேறிக்கொண்டிருந்தார். குப்பை போடக் கீழே இறங்கியிருக்கிறார். கைப்பிடியைப் பற்றி நான்கு படி ஏறினார், நின்றார். நான் பின்னால் வந்ததை அவர் கவனிக்கவில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் சுவரோடு நெற்றியை வைத்து வெகுநேரம் நின்றார். கூப்பிடத் தோன்றாமல் நானும் கீழே நின்றேன். பிறகு திரும்பிப் பார்த்தார்.

“அட, நீயா. பராமரிப்புப் பணி காரணமா ரயில் தாமதமா வருது,” என்றார். அவர் வேலையிடத்து அறிவிப்புக் குரலில். சிரிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

சாப்பாட்டு மேசையில் குப்பி இருந்தது. அக்கா அதை மூடி திருகாமல் வைத்திருந்தாள்.

“இதைக் கொஞ்சம் பாரு. இது என்னது?”

மஞ்சள் பச்சைக்கு நடுவே நூல்போல ஒரு சிவப்பு.

“ஒண்ணுமில்ல, தொண்டை கீறியிருக்கும்,” என்றார் அத்தான். “அதுவும் உனக்கு உதவும்ல? கலர் படம்.”

நான் ஐஸ் பெட்டியைக் கீழே வைத்தேன்.

“அத்தான், மெஷினை எடுங்க. பழைய மருந்தை இப்பவே போட்டுக்கங்க.”

“இன்னும் எட்டு நாள்தானே...”

“அந்த மருந்து வேலை செய்யாது. நான் எண்ணினது தப்பு.”

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். பத்து விநாடி, நாற்பது நிமிடம், செத்தவை, இரண்டு பெயர். திக்கித் திக்கி, வேண்டாத இடத்தில் விவரம் கூட்டிச் சொன்னேன். அவர் ஒரு கையை உயர்த்தி நிறுத்தினார்.

“இரு. நான் புரிஞ்சுக்கிட்டது சரியா பாரு. பிளாட்ஃபாரத்துல எட்டு மணிக் கூட்டம். நடுவுல சிக்கி நகர முடியாம நிக்கிறவங்களை எல்லாம் நீ விட்டுட்ட. ஓரமா ஓடுறவனை மட்டும் எண்ணி, ‘இந்த ஸ்டேஷன்ல நெரிசலே இல்ல’ன்னு எழுதிட்ட. அப்படித்தானே?”

“அப்படித்தான்.”

“எங்க வேலையில அப்படி எழுதினா அன்னைக்கே சீட்டைக் கிழிச்சிருப்பாங்க,” என்றார். சிரிப்பில்லாமல்தான் சொன்னார்.

அக்கா அலமாரியைத் திறந்து நெபுலைசரை எடுத்துக்கொண்டிருந்தாள். துணி போட்டு மூடி வைத்திருந்தாள். துணியை மடித்தாள். என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

“எப்பத் தெரிஞ்சுது?”

நான் பயந்துகொண்டிருந்தது இந்தக் கேள்விக்குத்தான். தவறு எப்படி நடந்தது என்பதற்கு என்னிடம் அரை மணி நேர விளக்கம் இருந்தது. இதற்கு ஓர் எண் மட்டும்தான்.

“பதினாறு நாளாச்சு.”

“அன்னைக்கு நான் போன் பண்ணப்போ?”

“தெரியும்.”

அவள் மருந்துக் குப்பியின் கழுத்தை ஒடித்து ஊற்றினாள். முகக் கவசத்தை அத்தானின் மூக்கில் பொருத்தி, ரப்பர் பட்டையைக் காதுக்குப் பின்னால் இழுத்துவிட்டாள். இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டாள். இருவரும் உள்ளறைக்குப் போனார்கள். அங்கே இயந்திரம் உறுமத் தொடங்கியது. கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

சோதனை நடத்தும் மருத்துவரை மேசையிலிருந்தே அழைத்தேன். அவர் முதலில் அத்தானைப் பற்றிக் கேட்டார். மருந்து ஏறியதும் பத்து மணிக்குள் அழைத்து வரச் சொன்னார். அடுத்து மேடத்தை அழைத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவரும் அக்கா கேட்ட கேள்வியையே கேட்டார். அதே எண்ணைச் சொன்னேன்.

“கட்டுரையைத் திரும்பப் பெறலாம். அது என் பேர், உன் பேர், அவ்வளவுதான்,” என்றார். “இன்னும் பதினோரு பேர் வீட்டுல மூச்சு வாங்கிக்கிட்டு உக்காந்திருக்காங்க. மருந்தை மறுபடி தொடங்கச் சொல்லி நர்ஸ் போன் பண்ணுவாங்க. ஏன்னு நீ சொல்லணும். ஒவ்வொருத்தருக்கும் நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்.”

பத்து நிமிடத்தில் பட்டியல் வந்தது. பதினோரு எண்கள்.

முதலாவது, லாரி ஓட்டுகிறவர். வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கேட்டார். “அப்போ புது மருந்து இல்லையா? சரிம்மா,” என்று வைத்துவிட்டார். இரண்டாவது ஒரு தாய். மகளுக்குப் பதிலாக அவர்தான் பேசினார். “முன்னாடியே பாத்திருக்கக் கூடாதா?” என்று கேட்டார். பாத்திருக்கணும் என்றேன். மூன்றாவது எண்ணில் யாரும் எடுக்கவில்லை.

நான்காவது, ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே மூச்சு வாங்கினார். நான் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாக இருந்தார்.

“நர்ஸ் இப்பதான் சொன்னாங்க. நானே பயந்துக்கிட்டிருந்தேன்... எப்படி இன்னும் ஒரு வாரம் ஓட்டப்போறேன்னு. தப்புன்னு தெரிஞ்சதும்... மறைக்காம உடனே கூப்பிட்டுச் சொல்றீங்களே. இந்தக் காலத்துல யாரும்மா செய்வாங்க? நல்லா இருக்கணும் நீங்க.”

“பரவாயில்லைங்க,” என்றேன்.

வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அக்கா உள்ளறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் எடுக்க வந்திருக்கிறாள், கையில் வெறும் டம்ளர். ஒலிபெருக்கியில் போட்டுப் பேசிக்கொண்டிருந்ததால் எல்லாம் கேட்டிருக்கும். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் டம்ளரை நிரப்பிக்கொண்டு திரும்பிப் போனாள். உள்ளே இயந்திரம் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. அதனூடே அத்தான் இருமினார். பல நாளுக்குப் பிறகு முதல் முறையாக, எதையோ வெளியே கொண்டுவருகிற இருமல்.

ஐந்தாவது எண் திரையில் இருந்தது. அதை அழுத்தப் போன விரலை எடுத்துவிட்டு, நான்காவதை மறுபடி அழைத்தேன்.

“யாரு?” என்றார் தையல் ஆசிரியை.

“நான்தாங்க, இப்பப் பேசினேனே. ஒண்ணு தப்பாச் சொல்லிட்டேன்.”

“சொல்லும்மா.”

“உடனே கூப்பிடலைங்க. எனக்குத் தெரிஞ்சு பதினாறு நாளாச்சு.”

அவர் வைத்துவிடவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. இழுப்பதற்கு ஒன்று, விடுவதற்கு ஒன்று, நடுவில் ஒரு நீண்ட இடைவெளி. அவராக வைக்கும் வரை நான் போனைப் பிடித்தபடியே இருந்தேன்.